உம் கொட்டும் உத்தியோகம்

1

வருகிற ஆடியோடு நான் ஹைதராபாத்துக்கு வந்து நாற்பத்தாறு வருஷம். அம்பாசமுத்திரத்தில் ரயிலேறும்போது, “மூணே வருஷம், மாத்தல் வாங்கிட்டு வந்துருவோம்” என்று சொன்ன என் வீட்டுக்காரர், காஞ்சன்பாக் ஃபாக்டரியில் லேத் ஓட்டி ரிட்டையர் ஆகி, லோத்குண்டாவில் வீடும் கட்டி, ஏழு வருஷத்துக்கு முன்னால் போயும் சேர்ந்துவிட்டார். மாற்றல் உத்தரவு மட்டும் இன்னும் வரவில்லை.

போன தடவை நான் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது, “அங்க உனக்குப் பொழுது எப்படிப் போவுது?” என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். நானும் சொல்ல ஆரம்பித்தேன். சாம்பார் வாளி வந்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் இலைப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தென்றால் நடுவில் சாம்பார் வராது. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

அறுபத்தாறு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. என்ஜினீயரிங் காலேஜ் வாத்தியாருக்கு உம் கொட்டுகிற உத்தியோகம். கிடைத்த வேகத்தில் போகவும் பார்த்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மகன் சங்கரன் ஊருக்கு வெளியே ஒரு காலேஜில் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறான். மண்ணைப் பற்றிய பாடம். எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், எது காலை வாரும் என்று. பேத்தி ஸ்வாதி வேறொரு காலேஜில் இரண்டாம் வருஷ என்ஜினீயரிங். யாராவது பாடம் நடத்துகிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகமாட்டாள். மருமகள் விஜயலட்சுமி தெலுங்குக்காரி. இரண்டு கட்சிக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு பேங்குக்கு ஓடுகிறவள்.

ஒரு நாள் காலையில் கேட்டேன். “ஏட்டி, காலேஜ் பஸ் போயிட்டு. நீ இன்னும் தலை கூடச் சீவல?”

“நக்கோ ஆச்சி. ஃபர்ஸ்ட் ஹவர் லெக்சர்தான்.”

“லெக்சருக்குத்தானட்டி காலேஜு?”

“சார் ஸ்கிரீன்ல இருக்கறத பாத்து படிப்பாரு. அது எனக்கே படிக்க வரும். யூடியூப்ல டூ எக்ஸ் வெச்சா இருபது நிமிஷத்துல அயிப்போத்துந்தி.”

நக்கோ என்றால் வேண்டாம், அயிப்போத்துந்தி என்றால் முடிந்துவிடும், டூ எக்ஸ் என்றால் இரண்டு மடங்கு வேகமாம். போனில் வைத்துக் காட்டினாள். ஒரு பெரிய மனிதர் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு, வாலை மிதித்த எலி மாதிரிப் பேசினார். பத்து நிமிஷத்தில் ஒரு தடவை கூட மூச்சு விடவில்லை.

சங்கரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஒருத்தன் நின்னு பேசும்போது எதுத்தாப்புல உக்காந்து கேக்கணும். அது ஒரு மரியாதை.”

“டாடி, உங்க கிளாஸ்ல எவ்ளோ பேரு கேக்கறாங்க?”

அவன் இட்லியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். இட்லி பதில் சொல்லும் என்று நினைத்தானோ என்னவோ.

அவன் காலேஜில் வருகைப் பதிவுக்கு வாசலில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலை வைத்தால் பிள்ளை வந்ததாகக் கணக்கு. கட்டைவிரல் வகுப்புக்கு வந்துவிடும். மீதி உடம்பு கேன்டீனுக்குப் போய்விடும். அறுபது கட்டைவிரலுக்கு நடுவில் இருபது தலைதான் அவன் முன்னால் இருக்கும். அந்த இருபதிலும் பாதி குனிந்த தலை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தத் தாள் வந்தது. வருஷக் கடைசியில் பிள்ளைகள் வாத்தியாருக்கு மார்க் போடுவார்களாம். நம் காலத்தில் இப்படி இருந்திருந்தால் எங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர் ஊரை விட்டே ஓடியிருப்பாள். சங்கரனுக்கு அஞ்சுக்கு ஒன்றரை. கீழே ஒரு பிள்ளை தெலுங்கில் எழுதியிருந்தது: “சார் வாய்ஸ் பாகுந்தி. நித்ர பாகா ஒஸ்துந்தி.” சார் குரல் நன்றாக இருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

“பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிட்டாரும்மா. மூணு வாரத்துல கமிட்டி முன்னால ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணுமாம். அது சரியில்லன்னா என்னைய அட்மிஷன் டெஸ்க்ல போட்டுருவாங்க. உக்காந்து பெத்தவங்களுக்குப் போன் பண்ணி, உங்க புள்ளைய எங்க காலேஜுல சேருங்கன்னு கேக்கணும்.”

சம்பளம் அதேதான். ஆனால் போர்டு இருக்காது, சாக்பீஸ் இருக்காது, எதிரில் ஒரு முகம் இருக்காது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டையில் சாக்பீஸ் தூளோடு வீட்டுக்கு வருகிற பிள்ளை அவன். அதைத் துவைக்கிறவள் நான்தானே.

3

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஹாலில் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்திப் பார்ப்பான். எங்கள் ஹால் சுவரில் ஒரு காலண்டரும் இரண்டு பல்லியும். கேட்க ஆள் இல்லாத பேச்சு, தாளிக்காத ரசம். எனக்கே பாவமாக இருந்தது. முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் “உம்” என்றேன்.

நின்றான். “என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. நீ சொல்லு.”

சொன்னான். நானும் “உம்... உம்...” என்று போனேன். பத்து நிமிஷத்தில் குரல் ஏறிவிட்டது. கை ஆட்டுகிறான், நடக்கிறான், போர்டு இருக்கிறதாக நினைத்துச் சுவரில் எழுதுகிறான். பல்லி இரண்டும் இடம் மாறிவிட்டன.

உங்களுக்கு இது தெரியும். நம் பக்கம் உம் கொட்ட ஆள் இல்லாமல் யாரும் கதை சொல்லமாட்டார்கள். எங்கள் அத்தை ஒருத்தி, உம் நின்றால் கதையையும் நிறுத்திவிடுவாள். ராஜகுமாரன் கிணற்றில் பாதியில் தொங்கிக்கொண்டிருப்பான். மறுநாள் சாயங்காலம் வரை தொங்குவான். அவன் உயிர் எங்கள் வாயில் இருந்தது.

பேங்கிலிருந்து வந்த விஜயலட்சுமி கேட்டுவிட்டுச் சொன்னாள், “மா இன்ட்லோ கூடா ஊ கொட்டாலி அத்தய்யா. லேகபோத்தே அம்மம்ம கத செப்பது.” அவர்கள் வீட்டிலும் ஊ கொட்டவேண்டுமாம், இல்லாவிட்டால் பாட்டி கதை சொல்லமாட்டாளாம். சம்பந்தி வீட்டோடு ஒத்துப்போகிற விஷயம் எங்களுக்கு ரொம்பக் கம்மி. இது ஒன்று.

ஆனால் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய உம் அசல் சரக்கு இல்லை.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் எனக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்று மட்டும் தெரிந்துகொண்டேன். யார் எது சொன்னாலும் சிரித்த முகத்தோடு “ஹவ்”. ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாள் நிறையப் பேசினாள். நான் நிறைய ஹவ் சொன்னேன். மறுநாள் காலையில் மூன்று பிள்ளைகளை என் வாசலில் விட்டுவிட்டு, புருஷனோடு கர்னூலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். நாலு நாள் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் வீட்டுக்காரர். ஃபாக்டரி விட்டு வந்து காபி குடித்தார் என்றால் லேத் புராணம் ஆரம்பிக்கும். இன்றைக்கு எந்த பேரிங் சத்தம் போட்டது, எந்த ஃபோர்மேன் என்ன சொன்னான், இவர் என்ன சொன்னார், சொல்லியிருக்கவேண்டியது என்ன. ரிட்டையர் ஆன பிறகும் விடவில்லை, மொத்தம் முப்பத்தொன்பது வருஷம். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இடம் பார்த்து உம் கொட்டுவேன். வாய் அங்கே இருக்கும். மனசு நாளைக்கு என்ன குழம்பு என்பதில் இருக்கும். கட்டைவிரல் வைத்துவிட்டு கேன்டீன் போகிற வித்தையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்ததாக நினைக்கிறார்கள். கண்டுபிடித்தவள் நான்.

4

அஞ்சாறு நாள் இப்படிப் போயிற்று. சங்கரனுக்குத் தைரியம் வந்துவிட்டது. “அம்மாவுக்கே புரியுது, பசங்களுக்குப் புரியாதா?” என்று விஜயலட்சுமியிடம் சொல்கிறான். எனக்கு ஒரு வரி கூடப் புரிந்ததில்லை. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. அதுதான் உம் கொட்டிக்கொண்டிருந்ததே.

ஸ்வாதிக்கு என்மேல் சந்தேகம். சோபாவில் போனோடு கிடந்தவள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தான்.

“இப்ப, இந்தக் களிமண் அடுக்குக்கு மேல ஒரு கட்டடம்.”

“உம்.”

“கட்டடத்தோட பாரம் கீழ இறங்குது.”

“உம்.”

“அந்த நேரம் பாத்து ஒரு யானை வந்து, கட்டடத்துக்குள்ள பூந்து, லிஃப்டுல ஏறி மூணாவது மாடிக்குப் போவுது.”

“உம்.”

ஸ்வாதி சோபாவிலிருந்து கீழே விழுந்து சிரித்தாள். “டாடி, ஆச்சி ஃபேக்! டோட்டல் ஃபேக்!”

சங்கரனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான், “அப்பா சரியாத்தான் சொல்லியிருக்காரு.”

“அவுக என்ன சொன்னாக?”

“அப்பாவும் நடுவுல யானைய விடுவாராம்லா. ‘இன்னைக்கு லேத்துல யானை ஏறிட்டு’ன்னு சொன்னாக்கூட உங்கம்மா உம் கொட்டுவாடான்னு என்கிட்ட சொல்லியிருக்காரு. ஃபாக்டரியில எல்லாருக்கும் தெரியும். ரிட்டையர்மென்ட் ஃபங்ஷன்ல ஃபோர்மேன் உன்னையப் பாத்து, யானை சௌக்கியமான்னு கேட்டாரே, ஞாபகம் இல்லியா?”

ஞாபகம் இருந்தது. அவருக்கு வேறு யாரோடோ குழப்பம் என்று நினைத்து, அதற்கும் “ஹவ்” என்று சொல்லியிருந்தேன்.

சிரிப்பு அடங்கினதும் சங்கரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அப்ப அஞ்சு நாளா நான் சொன்னதுல ஒண்ணுகூட உனக்கு ஏறலியாம்மா?” என்றான். இருபது வருஷமாகத் தலையாட்டின பிள்ளைகள் எல்லாம் வரிசையாக அவன் கண்ணில் வந்து போயிருப்பார்கள் போல.

5

மறுநாள் நானே போய் எதிரில் உட்கார்ந்தேன். “எய்யா, இனிமே புரிஞ்சாத்தான் உம். புரியலன்னா வாயத் திறக்கமாட்டேன். உங்கப்பா மேல சத்தியம்.”

ஆரம்பித்தான். முதலில் ஒரு இங்கிலீஷ் வரி. அதையே தெலுங்கில். அதையே எனக்காகத் தமிழில். மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அரைமணி நேரம் ஆயிற்று. கீரை உருவி முடிந்தது. ஒரு உம் கூட வரவில்லை.

“ஒண்ணுகூடவா வரல?”

“வாசல்ல கேஸ்காரன் கூப்பிட்டப்ப ஒண்ணு வரப் பாத்துச்சு. அதையும் அடக்கிக்கிட்டேன்.”

“இருபது வருஷமா இப்படித்தாம்மா நடத்துதேன்.”

“அவங்களும் இருபது வருஷமா இப்படித்தான் தூங்குதாங்க.”

கோபத்தில் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் பாடமும் இல்லை, பேச்சும் இல்லை. கமிட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பிள்ளையைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் உம்மே கொட்டித் தொலைத்திருக்கலாம், தைரியமாவது இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் நானே பேச்சுக் கொடுத்தேன். எதிர்வீட்டுச் சுவரைக் காட்டினேன். குட்டையைத் தூர்த்துக் கட்டின வீடு அது. “ஏய்யா, அந்தச் சுவரு கட்டி ரெண்டு வருசம் கழிச்சுல்லா வெடிச்சுச்சு. பாரம் தாங்கலன்னா கட்டின அன்னைக்கே வெடிக்கப்பிடாதா? ரெண்டு வருசம் எதுக்குக் காத்துக் கெடந்துச்சு?”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “அம்மா, அதாம்மா இந்தப் பாடம்.”

“எது?”

“களிமண்ணுக்குள்ள தண்ணி இருக்கும். மேல பாரம் வச்சா, மொதல்ல அந்தத் தண்ணிதான் தாங்கும். அப்புறம் தண்ணி கொஞ்சங் கொஞ்சமா வெளிய போவும். போகப்போகத்தான் மண்ணு அமுங்கும். களிமண்ணுல வழி சின்னது, அதான் வருசக்கணக்காவுது.”

“தயிரத் துணியில கட்டித் தொங்கவிட்டா மொதல்ல சடசடன்னு சொட்டும், அப்புறம் எப்பவாச்சும் ஒரு சொட்டு விழும். அப்படியா?”

“அப்படியேதாம்மா!”

“உம்” என்றேன்.

இருவருமே கொஞ்ச நேரம் அந்த உம்மைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“இத மொதல்ல சொல்லப்பிடாதால?”

“மொதல்ல வரையறை சொல்லணும்மா. சிலபஸ்ல அப்படித்தான் இருக்கு.”

“சிலபஸ் எழுதினவன் வீட்டுச் சுவரு வெடிக்கல போல.”

அதற்கப்புறம் ஆறு நாள் ராஜகுமாரனைக் கிணற்றிலிருந்து தூக்குகிற வேலை. உம் வராத இடத்தில் நிற்பான், திரும்பி வருவான், வேறு விதமாகச் சொல்வான். திட்டுவான். நானும் திட்டுவேன். கடைசியில் ஃபார்முலா வருகிற இடத்தில் மட்டும் எனக்கு உம் வரவே இல்லை. அதை அவன் பிள்ளைகள் பாடு என்று விட்டுவிட்டோம்.

6

கமிட்டி நாளன்று ஸ்வாதிக்கு லீவு. கேட்டேன். “உங்கப்பன் பாடம் நடத்தி நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கியாட்டி?”

“கைக்கு ஆச்சி, எதுக்கு? இதே டாபிக் யூடியூப்ல எட்டு நிமிஷம்தான்.”

“எட்டு நிமிசத்துல தயிர் சொட்டுமா?”

யோசித்தாள். மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே நடந்ததெல்லாம் அவள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்குக் கட்டைவிரலோடு உடம்பும் வரவேண்டும் என்று பிரின்சிபால் உத்தரவு. அறுபது பேரும் இருந்தார்களாம். கமிட்டியில் மூன்று பேர், அதில் வெளியூரிலிருந்து வந்த வயதான புரொஃபசர் ஒருத்தர். சங்கரன் பையிலிருந்து தயிர் முடிச்சை எடுத்து போர்டு ஆணியில் தொங்கவிட்டு, கீழே எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தானாம். எங்கள் வீட்டுக்காரரின் பழைய வேட்டித்துணி அது. டொக், டொக் என்று விழ ஆரம்பித்தது. எதிர்வீட்டுச் சுவரைச் சொல்லி, “ரெண்டு வருஷம் ஏன் காத்திருந்தது?” என்று கேட்டானாம்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அறுபது பேரும் கமிட்டியைப் பார்க்கிறார்கள், கமிட்டி தயிரைப் பார்க்கிறது. சங்கரன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். அவன் காத்துக்கொண்டிருக்கிறான். எதற்கு என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“உம்” என்றாளாம் ஸ்வாதி, மாஸ்க்குக்குள்ளிருந்து.

அறுபது தலையும் திரும்பிற்று. சங்கரன் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்திருப்பான். ஆனால் காட்டிக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டான். இரண்டாவது உம்முக்கு, வாரங்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி வேடிக்கையாக “ஊ” என்றாளாம். அவர்கள் வீட்டுப் பாட்டியும் விடாமல் ஊ வாங்கியிருப்பாள் போல. அப்புறம் பத்துப் பேர். அப்புறம் வகுப்பு முழுக்க. முதலில் கிண்டலுக்குத்தான் கொட்டியிருக்கிறார்கள். ஆனால் கிண்டலுக்கு ஊ கொட்டவேண்டும் என்றாலும், எங்கே கொட்டுவது என்று தெரிய, கேட்டுத்தானே ஆகவேண்டும்?

“ஆச்சி, அந்த ஓல்டு புரொஃபசர் கூட ஊ சொன்னாரு. பக்கத்துல பிரின்சிபால் திரும்பிப் பாத்ததும் இருமிட்டாரு!”

ஃபார்முலா வந்த இடத்தில் ஊ நின்றுவிட்டது. பழைய சங்கரனாக இருந்தால் போர்டைப் பார்த்துக்கொண்டு போயிருப்பான். நின்றானாம். “அர்த்தம் காலேதா?” என்று கேட்டானாம். புரியவில்லை என்று அறுபது பேரும் கோரஸாகச் சொன்னார்களாம். திரும்ப முதலிலிருந்து வந்தான். மறுபடியும் ஊ இல்லை. மறுபடியும் வந்தான். மூன்றாவது தடவை பாதியில் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. ஃபார்முலா கிணற்றிலேயே தொங்கிற்று.

ஒரு வாரம் கழித்துத் தாள் வந்தது. பாடம் குறித்த நேரத்தில் முடிக்கப்படவில்லை. புரொஜெக்டர் பயன்படுத்தப்படவில்லை. வகுப்பில் சத்தம். வகுப்பறைக்குள் தயிர் கொண்டுவந்ததற்கு எழுத்து மூலம் விளக்கம் தேவை. கடைசி வரி மட்டும் வேறு பேனாவில், யாரோ ஒருத்தரின் நடுங்கின கையெழுத்தில்: யாரும் தூங்கவில்லை, அடுத்த செமஸ்டரும் இவரே எடுக்கட்டும்.

தயிர் விளக்கத்தை இரண்டு பக்கம் எழுதினான். அதையும் எனக்குப் படித்துக் காட்டினான். எல்லா வரிக்கும் உம் வந்தது.

7

இப்போது சட்டையில் பழையபடி சாக்பீஸ் தூள். அவன் அடுத்த பாடத்தை இங்கே ஒத்திகை பார்க்கிறான். என் உத்தியோகமும் நிரந்தரமாகிவிட்டது. ஸ்வாதி பெரிதாக மாறிவிடவில்லை. வாரத்தில் ஒரே ஒரு மேடம் வகுப்புக்கு மட்டும் போகிறாள். அந்த மேடம் நடுநடுவில் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பாளாம். மற்றவர்கள் எல்லாம் இன்னும் டூ எக்ஸ்தான்.

நேற்று சாயங்காலம் அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்த மேடம் கதை சொன்னாள். பாதித் தெலுங்கு, பாதி இங்கிலீஷ், எனக்காகக் கொஞ்சம் தமிழ். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டு உம் கொட்டினேன்.

“அப்போ மேடம் போர்டுல எழுதறாங்களா...”

“உம்.”

“பின்னாடி டோர் ஓப்பன் ஆச்சு, ஒரு யானை உள்ள வந்துச்சு...”

என் காதில் நன்றாக விழுந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கி, கண் இரண்டும் பளபளவென்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா ஜாடை.

“உம்” என்றேன்.

“டாடீ! ஆச்சி மறுபடியும் மாட்டிக்கிச்சு!” என்று குதித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். அப்பனும் மகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இதை நீங்கள் யாரும் போனில் பேசும்போது அவளிடம் உளறிவிடாதீர்கள். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அவர் இப்போது இருந்தால், “நானும் சில யானைகளைத் தெரிஞ்சேதான் உள்ள விட்டேன்” என்று ஒரு போடு போட்டிருப்பேன். நம்பியிருக்கமாட்டார். நம்பாமலே “உம்” என்றிருப்பார்.